டேப்பண்ணன் கடலில் இறங்கியது

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் சோபாவைப் பார்ப்பார்கள், சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்ப்பார்கள், வீட்டுக்காரர் முகத்தையாவது பார்ப்பார்கள். டேப்பண்ணன் பெட்டிகளைப் பார்ப்பார். இன்னும் அங்கே வந்தே சேராத பெட்டிகளை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஹாலுக்கு எத்தனை, சமையலறைக்கு எத்தனை, அந்தப் பெரிய அலமாரியைக் கழற்ற வேண்டுமா, அப்படியே தூக்கலாமா என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடி முடிந்துவிடும். நலம் விசாரிக்கப் போன வீட்டிலும் இதே கதைதான். நோயாளி கட்டிலில் படுத்து முனகிக்கொண்டிருப்பார். இவர் கட்டிலின் கால்களை அளந்துகொண்டிருப்பார்.

வெளிநாட்டுக்குக் குடிபெயர்கிறவர்களின் வீட்டுச் சாமான்களைக் கட்டிக் கப்பலில் அனுப்பும் கம்பெனியில் அவர் பேக்கிங் மேஸ்திரி. இடது மணிக்கட்டில் பழுப்பு டேப் சுருள் ஒன்று வளையல் போல எப்போதும் தொங்கும். அதனால் கிடங்கில் எல்லோருக்கும் டேப்பண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

தட்டுகளைப் படுக்க வைக்கக் கூடாது, நிறுத்தித்தான் அடுக்க வேண்டும். கண்ணாடி டம்ளருக்குள் காகிதம் திணித்த பிறகுதான் வெளியே சுற்ற வேண்டும். புத்தகம் சின்னப் பெட்டியில், தலையணை பெரிய பெட்டியில். இதையெல்லாம் கரைத்துக் குடித்தவர் அவர். அவருடைய ஆட்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று: கட்டுகிற அறையில் இருக்கிறதா, கட்டு, கேள்வி கேட்டுக்கொண்டு நிற்காதே. இந்த வேகத்தில் ஒருமுறை ஒரு வீட்டுக் குப்பைக்கூடையைக் குப்பையோடு சேர்த்துக் காகிதம் சுற்றி, மேலே 'உடையும் பொருள்' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அது பத்திரமாகக் கடல் தாண்டிப் போய் இறங்கியது. அந்த வீட்டம்மா அங்கிருந்து போன் போட்டுத் திட்டிய திட்டை இன்றைக்கும் கிடங்கில் டீ நேரத்தில் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள்.

இப்படி எத்தனையோ குடும்பங்களைக் கடல் தாண்டி அனுப்பி வைத்த மனுஷன் கடலைப் பார்த்ததே இல்லை. கேட்டால் நம்புவீர்களா? கிடங்கிலிருந்து லாரி கிளம்பும். அவர் வாசலில் நின்று கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். அதோடு அவர் உலகம் முடிந்தது. துறைமுகம் வேறு ஆள் வேலை.

அவர் மனைவி பல் செய்கிறவள். டாக்டர் அளவெடுத்து அனுப்பினால், பட்டறையில் உட்கார்ந்து பீங்கானில் பல் செய்து அனுப்புவாள். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று அவளைக் கேட்டால் அன்றைய பொழுது போய்விடும். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் அவள் பார்த்தது பல்லைத்தான். "தூக்கத்துல பல்லக் கடிப்பீங்களா? கடைவாய்ப் பல்லெல்லாம் தேஞ்சு கிடக்கே," என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். டேப்பண்ணனுக்கோ, தன்னை இவ்வளவு உள்ளே வரைக்கும் பார்த்த ஆள் வேறு யாரும் இல்லை என்று தோன்றியது. அன்றைக்கே மனதைக் கொடுத்துவிட்டார்.

அவளுடைய வேலையைப் பார்த்துவிட்டு, தூரத்தில் ஒரு குளிர்தேசத்துப் பட்டறை அவளைக் கூப்பிட்டது. புருஷனையும் அழைத்துவரலாம் என்றது. "போலாமாங்க?" என்று அவள் கேட்டபோது, "போலாமே! இதென்ன கேள்வி?" என்றார் டேப்பண்ணன். சொன்னது வாய் மட்டும்தான்.

பயணத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரே ஒரு ஆசை. "அங்க பாதி வருஷம் வெயிலே வராதாம். போறதுக்குள்ள ஒரு தீவுக்குப் போயி, கடல் நடுவுல, வெயில்ல நல்லா வெந்துட்டு வரணும். நாம ரெண்டு பேரும் கல்யாணமானதுலேருந்து எங்கயாவது போயிருக்கோமா? ஊரையே அனுப்பி வச்சீங்க, பொண்டாட்டிய எங்க அனுப்பினீங்க?"

நியாயமான கேள்வி. டிக்கெட் போட்டார்கள்.

வீடு காலி செய்கிற நாளும் தீவுக்குக் கிளம்புகிற நாளும் ஒன்றாக வந்து விழுந்தன. கிடங்கிலிருந்து நெட்டையன் தலைமையில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். நெட்டையன் டேப்பண்ணனுக்கு வலது கை. ஆள் வாசற்படியில் குனியாமல் நுழைந்த நாள் கிடையாது. "அண்ணே, இன்னிக்கி நீங்க கஸ்டமர். ஓரமா உக்காருங்க," என்று அவரை நாற்காலியில் உட்கார வைத்தான். அவர் உட்கார்ந்த நாற்காலியையும் சற்று நேரத்தில் பிடுங்கிக் காகிதம் சுற்றிவிட்டார்கள்.

வீட்டில் ஒரே மாதிரி இரண்டு நீலப் பெட்டிகள். ஒன்று தீவுக்கு, மெல்லிய துணிகளோடு. இன்னொன்று கப்பலுக்கு, குளிர்த்துணிகளோடு. தீவுப் பெட்டி படுக்கையறையில் இருந்தது. டாக்சிக்கு வசதியாக இருக்கட்டும் என்று டேப்பண்ணன் அதை ஹாலுக்குக் கொண்டுவந்து வைத்தார். கட்டுகிற அறையில் இருக்கிறதா, கட்டு! அவர் கைகழுவி வருவதற்குள் அது லாரிக்குள் போய்விட்டது. திரும்பி வந்தவர் ஹாலில் பெட்டி இல்லாததைப் பார்த்து, 'திரும்பப் படுக்கையறையிலேயே வச்சுட்டாங்கபோல' என்று உள்ளே போய், அங்கே இன்னும் கட்டாமல் நின்ற நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்சியில் ஏறினார். ஊரார் வீட்டில் டப்பா மூடிக்குக்கூடச் சீட்டு ஒட்டச் சொல்லி உயிரை எடுக்கிறவர், தன் வீட்டுப் பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டவில்லை. நம் வீடுதானே என்ற நினைப்பு.

விமானம் இறங்கிய இடத்திலிருந்து தீவுக்கு விசைப்படகு. படகுத்துறையில் ஒரு தகரக் கூரையைத் தாண்டித் திரும்பியதும் கடல் தெரிந்தது.

டேப்பண்ணன் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். வழக்கம் போலக் கண் அளக்கத் தொடங்கியது. இடமிருந்து வலம் போயிற்று, போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. பிடித்து நிறுத்த ஓர் ஓரம் இல்லை. மூலை இல்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக உள்ளே இருந்த கணக்குப்பிள்ளை பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். 'இதைத் தாண்டியா என் பெட்டியெல்லாம் போச்சு?' என்று நினைத்தார். பக்கத்தில் அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

தீவு இன்னும் மோசம். அதாவது, இன்னும் அதிசயம். ஒரே ஓர் இலை, கதவு அளவுக்கு. மரங்களின் மேலே மரங்கள் முளைத்து, அவற்றின் மேலே கொடிகள் ஏறி, எல்லாம் சேர்ந்து பெருமூச்சு விடுவது போல ஈரம். திடீரென்று ஒரு மழை வந்து ஊரையே அடித்துத் துவைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதது போலப் போய்விட்டது. பின்னாலேயே வெயில். ரோட்டிலிருந்து ஆவி பறந்தது. "ஏங்க, கிள்ளுங்க என்ன," என்றாள் அவள். கிள்ளினார். "மெதுவா!" என்று கத்தினாள்.

சிரிப்பெல்லாம் அறையில் பெட்டியைத் திறக்கும் வரைக்கும்தான்.

"என்னங்க, இது நம்ம பெட்டி இல்ல."

"நம்மதுதான். கைப்பிடில நான் சுத்தின டேப் இருக்கு பாரு."

"நம்மதுதான், ஆனா இது கப்பல்ல போக வேண்டியது!" முழங்கால் வரைக்கும் வரும் கம்பளிக் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கட்டிலில் விழுந்து சிரித்தாள். துண்டு கொண்டுவந்த விடுதிக்கார அக்கா வாசலிலேயே நின்று, "யாரும்மா நீங்க, பனிக்கரடிக்குச் சொந்தக்காரங்களா?" என்று கேட்டார். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, "இருங்க, எங்க வீட்டுத் துணி எதாவது தேறுதான்னு பாக்குறேன்," என்று போனார்.

டேப்பண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பேயறைந்த மாதிரி நின்றார். ஏன் என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை. சிரித்துக்கொண்டே துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். அவளுடைய கோட்டு. அவளுடைய கையுறை. அவளுடைய காலுறைகள், ஜோடி ஜோடியாக, பூட்ஸுக்குள் திணித்து. இடம் கொஞ்சமும் வீணாகாமல், கை தேர்ந்தவன் அடுக்கிய அடுக்கு. பாதியில் சிரிப்பு குறைந்தது. அடியைத் தொட்டபோது நின்றேவிட்டது.

"மேலேருந்து அடி வரைக்கும் என் துணிதான் இருக்கு. உங்களுது எங்க?"

"அது... வேற பெட்டில..."

"எந்தப் பெட்டில?"

எந்த வீட்டில் எந்தப் பெட்டியில் எந்தக் கரண்டி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவர், மென்று விழுங்கினார். பொய் சொல்லக் கூட அந்த மனுஷனுக்கு ஒரு பெட்டி தேவைப்பட்டது, அது இல்லை.

"எதுலயும் இல்ல. என் சாமான் எதையும் கட்டல. கிடங்கு மாடி ரூம்ல போட்டு வச்சிருக்கேன். அங்கயே தங்கிக்கலாம்னு... நீ முன்னாடி போ. நான் பின்னாடி வரேன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

'பின்னாடி' என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? எத்தனை வீட்டில் அந்தப் 'பின்னாடி'யைக் கேட்டிருப்பார்; அப்படிச் சொன்னவர் யாரும் போனதே இல்லை.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் சொன்னார். முன்பு ஒரு வீட்டுச் சாமானைக் கட்டி அனுப்பினார். அந்த வீட்டுப் பெண்ணுக்கு வெளிநாட்டில் வேலை. புருஷன் இங்கே தொழிற்சாலையில் பெரிய சூப்பர்வைசர், அதை விட்டுவிட்டு அவளோடு போனார். சில வருஷம் கழித்து அவர் மட்டும் சாமானோடு திரும்பி வந்தார். பிரித்துக் கொடுக்கப் போன டேப்பண்ணன் பார்த்தால், பாதிப் பெட்டிகளில் தான் ஒட்டிய டேப் அப்படியே இருக்கிறது. அங்கே அவற்றைத் திறக்கவே இல்லை. "எதுக்குத் திறக்கணும்? அங்க நான் யாரு? வீட்டுல கிடக்குற ஒரு நாற்காலி," என்றாராம் அந்த மனிதர்.

"எனக்கு இந்த வேலைய விட்டா ஒண்ணும் தெரியாது. அங்க எனக்குப் பேசவும் வராது. நாளெல்லாம் சன்னலப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். நீயே ஒரு நாள் என்னப் பாத்து எரிச்சல் படுவ."

அவள் வெளியே எடுத்த கோட்டை மடித்து மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள், "நான் போவேங்க. நீங்க வரலன்னாலும் போவேன். அந்த வேலை எனக்கு வேணும். எனக்காகப் பாவம் பாத்து வராதீங்க. வரதுன்னா வாங்க, இல்லன்னா இங்கேருந்து திரும்புறதுக்குள்ள இல்லன்னு சொல்லிடுங்க. ஏர்போர்ட்ல வச்சு சொல்லாதீங்க."

டேப்பண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் வராவிட்டால் அவளும் நின்றுவிடுவாள் என்று அவர் எங்கோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கை இருந்ததே அது உடைந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். இவளுக்கு இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது? கோபம் வரவில்லை. பிரமிப்புத்தான் வந்தது, அதோடு ஒரு பெரிய பயமும்.

"வந்தது வந்தாச்சு. பாக்குறதப் பாத்துட்டுப் போவோம்," என்று அவள் எழுந்தாள்.

அக்கா தன்னுடைய தொளதொளத்த கவுன் ஒன்றை அவளுக்குக் கொடுத்தார். டேப்பண்ணனுக்கு வாய்த்தது அக்கா மகனுடைய அரைக்கால்சட்டை. முழுக்க அன்னாசிப்பழப் படம். வேறு சமயமாக இருந்தால் அவளுடைய கேலி தாங்க முடிந்திருக்காது. இப்போது அவள் பார்த்துவிட்டு லேசாக உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

மறுநாள் ஒரு படகுக்காரர் அவர்களைப் பவளப்பாறை முடிகிற இடத்துக்குக் கூட்டிப்போனார். வெயிலில் கறுத்து, அதிகம் பேசாத ஆள். கரையிலிருந்து வெகுதூரம் வரைக்கும் தண்ணீர் பச்சைக் கண்ணாடியாக இருந்தது. பிறகு சட்டென்று ஒரு கோடு, அதற்கு அப்பால் கரு நீலம். "இங்கதான் தரை முடியுது," என்றார் படகுக்காரர். முகமூடியும் மூச்சுக்குழாயும் மிதவைச் சட்டையும் கொடுத்தார். "நீச்சல் தெரிய வேணாம். மூஞ்சியத் தண்ணில வச்சா போதும். நான் கூட வரேன்."

டேப்பண்ணன் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அவளுக்கும் நீச்சல் தெரியாது. ஆனாலும் சட்டையை மாட்டினாள், முகமூடியை இறுக்கினாள், அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். குதித்துவிட்டாள். பின்னாலேயே படகுக்காரரும் இறங்கினார்.

அவளில் மேலே தெரிந்தது ஆரஞ்சுச் சட்டையும் ஒரு குழாயும் மட்டும்தான். அது மெதுவாக அந்தக் கோட்டைத் தாண்டிப் போனது. அவள் எதையோ பார்க்கிறாள்; இவருக்குத் தெரிவது முதுகு. எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் தண்ணீர் மேல் வெயில் பளபளத்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை.

அவள் திரும்பி ஏறினாள். அன்று சாயங்காலம் முழுக்கச் சொல்ல முயற்சி செய்தாள். "ஒரு மீனு... இல்ல, அத விடுங்க. பாறை அப்படியே சுவர் மாதிரி கீழ போகுது... அந்த நீலம் இருக்கே... ஐயோ, எப்படிச் சொல்றது உங்களுக்கு!" சாப்பிடுகிற கையால் காற்றில் வரைந்தாள். கையை இறக்கினாள். "பாத்திருந்தா தெரியும்," என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

குத்திக் காட்டுவதற்காக அவள் சொல்லவில்லை. ஆனால் டேப்பண்ணனுக்குச் சுருக்கென்று தைத்தது. இனிமேல் இப்படித்தான் இருக்கப்போகிறது என்று அவருக்குப் புரிந்தது. அவள் எங்கேயோ எதையோ பார்ப்பாள். போனில் சொல்ல முயற்சி செய்வாள். கிடங்கு மாடியில் உட்கார்ந்து இவர் 'ம்' கொட்டுவார். கொஞ்ச நாளில் அவள் சொல்வதை விட்டுவிடுவாள். நாற்காலியாகக் கிடப்பதைவிட அது கொடுமை இல்லையா? அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

கிளம்புவதற்கு முந்தின காலை, அவள் எழுவதற்கு முன்பே அவர் படகுக்காரரிடம் போய் நின்றார். "எனக்கும் ஒரு சட்டை குடுங்க." படகுக்காரர் அன்னாசிப்பழக் கால்சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "இறங்கின பிறகு என் கழுத்தப் பிடிச்சுத் தொங்கக் கூடாது சார்," என்றார்.

விடிந்ததும் அவளையும் ஏற்றிக்கொண்டு படகு அதே இடத்துக்குப் போயிற்று; அவள் முதலில் இறங்கினாள். டேப்பண்ணன் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார். இடுப்பு வரை தண்ணீர் வந்தபோது ஒருமுறை திரும்ப மேலே ஏறினார். மறுபடி இறங்கினார். அவள் தண்ணீரில் மிதந்தபடி கையை நீட்டினாள். ஒரு கையால் அவளையும், இன்னொரு கையால் படகின் கயிற்றையும் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே வைத்தார்.

சத்தம் நின்றது. தன்னுடைய மூச்சு மட்டும், பக்கத்தில் யாரோ விடுவது போல. கீழே ஓர் ஊரே இருந்தது. பெரிய மூளை போலச் சுருண்ட பாறைகள், விசிறிகள், கொம்புகள், அவற்றின் இண்டு இடுக்கிலெல்லாம் மஞ்சளும் ஊதாவும் கோடு போட்டதுமாக உயிர்கள். எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஒன்றும் ஒன்றை இடிக்கவில்லை. இவரை யாரும் சட்டை செய்யவும் இல்லை. ஒரு கூட்டம் மீன் அவர் கைகளுக்கு இடையில் புகுந்து போனது. அவர் குழாய்க்குள்ளேயே "ஐயோ" என்றார்.

பிறகு அவள் மெல்ல இழுத்தாள். அந்தக் கோடு வந்தது. பாறை விளிம்பு வரைக்கும் போய், அப்படியே கீழே விழுந்தது. அதற்கு அப்பால் தரையே இல்லை. நீலம். அதற்குக் கீழே இன்னும் நீலம். வெயில் நீளமான கம்பிகளாக உள்ளே இறங்கி, அடியைத் தொட முடியாமல் பாதியில் கரைந்துகொண்டிருந்தது. வெகு ஆழத்தில் பெரிதாக ஏதோ ஒன்று, அவசரமில்லாமல், இறக்கையை அசைப்பது போல அசைத்துக்கொண்டு போயிற்று. அவருக்குள் எழுந்தது பயமா, வேறு ஏதாவதா என்று பிரிக்க முடியவில்லை. கண்ணில் நீர் வந்து முகமூடிக்குள் தேங்கியது. இதைப் பார்க்காமல் செத்திருப்போமே என்று நினைத்தார். எப்போது கயிற்றை விட்டார் என்று அவருக்குத் தெரியாது. படகுக்காரர்தான் பார்த்தார்.

படகில் ஏறியதும் அவர் முகமூடியைக் கழற்றினார். அவள் எதிர்ப்பலகையில் உட்கார்ந்து தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"நானும் உன்கூட வரேன்," என்றார். "அந்த ஊருக்கு. உனக்காகப் பாவம் பாத்து இல்ல. நீ அங்க பாக்குறத நானும் பாக்கணும். பயமாத்தான் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா நீ பயமே இல்லாத ஆளு. உன் பக்கத்துல நின்னா எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கும்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் கை தலைமுடியிலேயே நின்றது. முகம் கோணியது. பிறகு, அறையில் அவர் எல்லாவற்றையும் சொன்னபோதும் அழாதவள், குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினாள்.

"பயமே இல்லாத ஆளா? நானா? அன்னிக்கி கண்ண இறுக்கி மூடிக்கிட்டுத்தாங்க குதிச்சேன். ரொம்ப நேரம் தண்ணிக்குள்ளயும் கண்ணத் திறக்கல. இந்தப் படகுக்காரர் கையப் பிடிச்ச பிடியில இவருக்கு ரத்தம் கட்டியிருக்கும், கேட்டுப் பாருங்க." படகுக்காரர் வேறு பக்கம் பார்த்தார். "அந்த வேலைக்குச் சரின்னு சொன்னதுலேருந்து நான் ஒழுங்காத் தூங்கல. தெரியாத ஊரு, தெரியாத ஜனங்க. தனியாப் போவேன்னு உங்ககிட்ட சொன்னேனே, சொல்லிட்டு பாத்ரூம்ல போயி வாந்தி எடுத்தேன். உங்க பயத்தையெல்லாம் உக்காந்து எங்கிட்ட சொன்னீங்க. எனக்குப் பயமா இருக்கான்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

கேட்டதில்லை. வேலைக்குக் கூப்பிட்ட அன்றிலிருந்து இன்று வரைக்கும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. டேப்பண்ணன் ஈரம் சொட்டச் சொட்ட அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"ரொம்ப," என்றாள்.

அவர் தட்டுத்தடுமாறி எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்படி இரண்டு பேர் ஒரே பக்கம் உட்காரக் கூடாதுதான். படகுக்காரர், டேப்பண்ணன் எழுந்துவந்த பலகைக்குத் தான் நகர்ந்துகொண்டார்.